உப்பை எங்கே கொட்டுவது?



அரசு அலுவலகங்களில் ஒரு பழைய மிரட்டல் உண்டு: "ஒழுங்கா வேலை பாக்கலேன்னா தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்." அந்தக் காடு எது என்று யாரும் கேட்பதில்லை. இராமநாதபுரம் மாவட்டத்துக்கு ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் அது. மாற்றலில் போகிறவர் எப்படியாவது ஆளைப் பிடித்து இரண்டு மூன்று வருடத்தில் திரும்பி வந்துவிடுவார். அங்கேயே பிறந்து, அங்கேயே வாக்கப்பட்டவர்கள் எங்கே போவது?

அப்படி ஒரு வாசகி, சாயல்குடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர், அண்மையில் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். அவர் ஊரில் ஆர்.ஓ. மெஷின் வைத்தார்கள். போர் தண்ணீர் உவர்ப்பு; மெஷினில் விட்டால் நல்ல தண்ணீர். ஊரே சந்தோஷப்பட்டது. ஆனால் மெஷினிலிருந்து இன்னொரு குழாய் வழியாக முன்னைவிட அதிகம் கரிக்கிற தண்ணீரும் வந்தது. அது பக்கத்து மிளகாய்க் கொல்லையில் இறங்கியது. கொல்லைக்காரர் சண்டைக்கு வந்தார். குழாயை ஊருணிப் பக்கம் திருப்பினார்கள். ஊரே சண்டைக்கு வந்தது. இதற்கு நடுவில் மோட்டார் பழுதானது. பழுது பார்க்க யார் காசு போடுவது என்று பேசிப் பேசியே பூட்டுப் போட்டுவிட்டார்கள். கடிதத்தின் கடைசியில் இப்படி எழுதியிருந்தார்: "நல்ல தண்ணிக்கு எல்லாரும் பங்குக்கு வந்தாங்க. உப்புத் தண்ணிக்கு ஒருத்தரும் வரல. அதை எங்கதான் கொட்டுறது?"

வறட்சி பற்றியும் கடல்நீரைக் குடிநீராக்குவது பற்றியும் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறோம். இந்தக் கேள்வியை மட்டும் யாரும் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. விடை தேடிப் போனபோது அது என்னைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் பிரேசில் நாட்டின் வடகிழக்கு மூலை.

பிரேசில் என்றதும் அமேசான் காடும் ஆறும் மழையும்தான் நமக்கு நினைவுக்கு வரும். அதே நாட்டில்தான் செர்த்தாவ் என்கிற வறண்ட உள்நாடும் இருக்கிறது. அரைப்பாலை என்று அரசு கணக்கெடுத்துள்ள பிரதேசம் மட்டும் 10 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகம், அதாவது தமிழ்நாட்டைப் போல ஏழு மடங்குக்கு மேல். இரண்டரைக் கோடிக்கும் அதிகமானோர் வாழ்கிறார்கள். வருடத்துக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டரோ அதற்குக் கீழேயோ மழை பெய்கிற ஊர்களை அந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள். இராமநாதபுரத்தின் சராசரியும் ஏறக்குறைய அதே 800தான். ஆக, மழையே இல்லாத ஊர் என்று இரண்டையுமே சொல்ல முடியாது. பெய்கிற மழை சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிறது. பிறகு வெயில் குடித்துவிடுகிறது. ஒரு வருடம் பெய்ததை நம்பி அடுத்த வருடம் விதைக்க முடியாது.

தரைக்குக் கீழே நிலைமை இன்னும் மோசம். செர்த்தாவின் பெரும்பகுதி கடினப் பாறை. பாறை வெடிப்புகளில்தான் தண்ணீர் தேங்கும். தேங்கிய தண்ணீர் நகராமல் கிடந்து உப்பைக் கரைத்துக்கொள்ளும். ஆயிரக்கணக்கில் போர் போட்டார்கள். பலவற்றில் மாடுகூடக் குடிக்கத் தயங்குகிற தண்ணீர் வந்தது.

அங்கே 1877 முதல் 1879 வரை ஒரு வறட்சி வந்தது. 'பெரும் வறட்சி' என்றே அதற்குப் பெயர். சியாரா மாநிலத்து மக்கள் ஊரைக் காலிசெய்துகொண்டு ஃபோர்த்தலேசா நகருக்கு நடந்தார்கள். பசியிலும் அம்மையிலும் செத்தவர்கள் 5 லட்சம் பேர் வரை இருக்கலாம் என்கின்றன சில மதிப்பீடுகள். வருடத்தைக் கவனியுங்கள். நம் பாட்டிமார் கதைகளில் வருகிற தாது வருஷப் பஞ்சம் 1876ல் தொடங்கியது. பசிபிக் பெருங்கடலின் எல் நினோ வெப்பம் ஒரே சமயத்தில் சென்னை மாகாணத்தின் மழையையும் சியாராவின் மழையையும் நிறுத்திவைத்தது என்று பின்னாளில் கண்டறிந்தார்கள். ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டே இராத இரண்டு தேசத்து விவசாயிகள், ஒரே கடலின் சூட்டில் செத்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததும் நமக்குப் பழக்கமான கதைதான். அணை கட்டினார்கள். சியாராவின் கிஷாடாவில் பேரரசர் இரண்டாம் பெட்ரோ கட்டச் சொன்ன செட்ரோ அணை 1906ல்தான் முடிந்தது. அதற்குள் முடியாட்சியே போய்விட்டது. 1909ல் வறட்சிக்கென்றே தனித் துறை தொடங்கினார்கள். அணைகள் பெருகின. ஆனால் பெரிய பண்ணையார்களின் நிலத்தை ஒட்டியே பல அணைகள் எழுந்தன. 1915லும் 1932லும் பஞ்சம் பிழைக்க நகரத்துக்கு வந்தவர்களை, நகரத்துக்குள் விடாமல் முகாம் போட்டு அடைத்துவைத்தார்கள். வறட்சி நிவாரணமே ஒரு வியாபாரமாக, வாக்குச் சேகரிக்கிற கருவியாக ஆனது. 'வறட்சித் தொழில்' என்று அந்நாட்டுப் பத்திரிகைகள் அதற்குப் பெயரே வைத்தன. உள்ளூர்த் தலைவர் டேங்கர் லாரி அனுப்புவார். லாரி யார் வாசலில் நிற்கும் என்பது யார் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்பதைப் பொறுத்தது. (நம் வாசகர்களில் சிலர் இந்த இடத்தில் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரியுங்கள்.)

1990களில் ஆர்.ஓ. மெஷின்கள் வந்தன. உப்புப் போர்களின் மேல் கொட்டகை போட்டு, மெஷினை இறக்கி, ரிப்பன் வெட்டிவிட்டுப் போனார்கள். கொஞ்ச காலத்தில் பல மெஷின்கள் நின்றன. உப்பை வடிகட்டுகிற சவ்வில் உப்பும் சுண்ணாம்பும் படிந்து அடைத்துக்கொண்டன. கழுவத் தெரிந்தவர் ஊரில் இல்லை. மின்கட்டணம் யார் பெயரில் வரும் என்பதே முடிவாகவில்லை. கழிவு உப்புத் தண்ணீரை அப்படியே தரையில் விட்டதில் கொட்டகையைச் சுற்றி மண் வெளுத்தது. நம் வாசகியின் ஊரில் நடந்தது, எழுத்துக்கு எழுத்து, அங்கே ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது.

அந்தத் தோல்வியைப் படித்துப் பார்த்துத்தான் 2004ல் 'நன்னீர்த் திட்டம்' என்கிற ஆக்வா டோசி திட்டத்தைச் சுற்றுச்சூழல் அமைச்சகம் தொடங்கியது. வேளாண் ஆராய்ச்சி அமைப்பான எம்ப்ராபா, கம்பினா கிராண்டி நகரின் பல்கலைக்கழக ஆய்வகம், மாநில அரசுகள், தொண்டு அமைப்புகள் என்று பலரும் சேர்ந்த வேலை அது. இதுவரை அரைப்பாலைப் பிரதேசத்தில் சுமார் ஆயிரம் இடங்களில் மெஷின்கள் ஓடத் தொடங்கியிருக்கின்றன. பின்னால் வந்த சிலவற்றில் சூரியத் தகடுகளும் உண்டு. ஆள் ஒன்றுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 5 லிட்டர், குடிக்கவும் சமைக்கவும். குறிக்கோள் அவ்வளவுதான். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ எல்லாம் பழைய உப்புத் தண்ணீரே. 5 லிட்டர் என்று கேட்டதும் எனக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. பிறகுதான் புரிந்தது: ஒரு ஊரால் நடத்த முடிகிற மெஷின் எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதை அந்தச் சின்ன எண்தான் தீர்மானிக்கிறது. எல்லாத் தேவைக்கும் நல்ல தண்ணீர் என்று ஆசைப்பட்டால் மெஷினும் பெருக்கும், கரன்ட் பில்லும் பெருக்கும், கழிவும் பெருக்கும்.

எந்த ஊருக்கு முதலில் என்பதற்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். மழை குறைவு, குழந்தை இறப்பு அதிகம், வறுமை அதிகம், வேறு நீர் ஆதாரம் இல்லை. இவற்றைச் சேர்த்து மதிப்பெண் போட்டு, பட்டியலில் மேலே வருகிற ஊருக்கு முதலில். எம்.எல்.ஏ. சிபாரிசு பட்டியலில் இல்லை. நடைமுறையில் எவ்வளவு தூரம் நுழைந்ததோ தெரியாது, காகிதத்திலாவது இல்லை.

நான் மிகவும் ரசித்தது மெஷின் இறங்குவதற்கு முன்னால் நடக்கிற வேலைகளை. போர் ஒருவருடைய சொந்த நிலத்தில் இருந்தால், அந்த இடத்தைப் பொதுப் பயன்பாட்டுக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். "என் நிலம், என் கிணறு, நான் சொல்கிறவருக்குத்தான் தண்ணீர்" என்று நாளைக்கு யாரும் கேட்டைப் பூட்டக் கூடாது. அடுத்து ஊர்க் கூட்டம். ஒன்றல்ல, பல. ஒரு குடும்பத்துக்கு எத்தனை லிட்டர், வாரத்தில் எந்தெந்த நாள், எத்தனை மணிக்குத் திறப்பது, மெஷினை ஓட்டுகிறவர் யார், அவருக்கு என்ன கொடுப்பது, கரன்ட் பில்லை ஊராட்சி கட்டுமா ஊர் கட்டுமா, பழுதுக்கு என்று மாதா மாதம் எவ்வளவு சேர்ப்பது, பணம் யாரிடம் இருப்பது, தண்ணீரை வெளியே விற்றால் என்ன செய்வது, கழிவுத் தண்ணீர் எங்கே போவது? இத்தனையும் பேசி, எழுதி, கையெழுத்துப் போட்டு, ஓர் ஒப்பந்தமாக்குகிறார்கள். அரசு தரப்பும் அதில் கையெழுத்துப் போடுகிறது.

கொட்டகை சின்னது. உள்ளே ஒரு இரும்புச் சட்டத்தில் நீளமான வெள்ளைக் குழாய்கள் படுத்திருக்கும், அவற்றுக்குள்தான் சவ்வு. பக்கத்தில் அழுத்தமானி, பம்பு, படிவைத் தடுக்கும் மருந்து சொட்டுகிற ஒரு டப்பா. ஓட்டுகிறவர் பொறியாளர் இல்லை. ஊரிலேயே இருக்கிற ஆள், ஆணோ பெண்ணோ, பயிற்சி எடுத்தவர். அழுத்தம் எவ்வளவு, எத்தனை மணி நேரம் ஓடியது என்று நோட்டில் எழுதி வைப்பார். வெளிச்சுவரில் ஒரு குழாய். பல ஊர்களில் அதில் வில்லை போட்டால்தான் தண்ணீர் வரும்: ஒரு வில்லைக்கு ஒரு கேன் அளவு. யார் வீட்டுக்கு எத்தனை வில்லை என்பது ஊர்க் கூட்டம் முடிவு செய்தது. குழாய் முன்னால் தகராறு இல்லை. ஏனென்றால் தகராறு எல்லாம் கூட்டத்திலேயே நடந்து முடிந்துவிட்டது.

இனி நம் வாசகியின் கேள்விக்கு வருவோம்.

ஆர்.ஓ. மெஷின் உப்பை அழிப்பதில்லை. உப்பை ஒரு பக்கமாக ஒதுக்கித் தள்ளுகிறது, அவ்வளவுதான். லிட்டருக்கு 4 கிராம் உப்புள்ள போர் தண்ணீரை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 8,000 லிட்டர் இறைத்தால், தோராயமாகப் பாதி, 4,000 லிட்டர், நல்ல தண்ணீர். மீதி 4,000 லிட்டரில் ஏறக்குறைய முழு உப்பும் போய்ச் சேரும்: 32 கிலோ. ஒரு வருடத்துக்கு 11 டன்னுக்கு மேல். 50 கிலோ மூட்டையாகக் கட்டினால் 230 மூட்டைக்கு மேல் வரும். ஒரு சின்ன ஊர், ஒரு சின்ன மெஷின், ஒரே வருடம். இதை மிளகாய்க் கொல்லையில் இறக்கினால் கொல்லைக்காரர் அரிவாளோடு வராமல் என்ன செய்வார்?

கடலோரப் பெரிய ஆலைகளுக்கு இந்தத் தலைவலி வேறு மாதிரி. சென்னையருகே மீஞ்சூரும் நெம்மேலியும் கடலில் எடுத்துக் கடலிலேயே விடுகின்றன. அதற்கும் மீனவர்கள் சொல்ல நிறைய இருக்கிறது. உள்நாட்டு ஊருக்குக் கடல் எங்கே இருக்கிறது?

பெட்ரோலினா நகரில் உள்ள எம்ப்ராபாவின் அரைப்பாலை ஆய்வு மையத்தினர் இதற்கு ஒரு சங்கிலியைக் கண்டுபிடித்தார்கள். மெஷினிலிருந்து வரும் உப்புத் தண்ணீர் முதலில் தரையில் இறங்காதபடி விரிப்புப் போட்ட குளத்துக்குப் போகிறது. அதில் திலேப்பியா வளர்க்கிறார்கள். நம் ஊரில் ஜிலேபி மீன் என்று சொல்வோமே, அதேதான். உப்பும் சகதியும் அதற்கு ஒரு பொருட்டில்லை என்பது நம் குளத்துக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். மீன் தின்று கழித்ததில் தண்ணீர் சத்தேறுகிறது. குளத்துத் தண்ணீரை மாற்றும்போது அந்தச் சத்துள்ள உப்புத் தண்ணீரை ஒரு செடிக்குப் பாய்ச்சுகிறார்கள்.

அந்தச் செடி ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. தாவரவியலில் அட்ரிப்ளெக்ஸ் நம்முலேரியா. அங்கே பேச்சு வழக்கில் 'உப்புச்செடி'. நம் உப்பளக் கரைகளில் தானாக மண்டுகிற உமரிக்குத் தூரத்து உறவு, கீரைக் குடும்பம். ஆள் உயரத்துக்குப் புதராக வளரும். இலை பச்சையாக இருக்காது. சாம்பல் பூசினாற்போல வெளிறியிருக்கும். அந்தச் சாம்பல்தான் விஷயம். வேர் வழியாக ஏறுகிற உப்பை இலையின் மேல்தோலில் உள்ள நுண்ணிய பைகளில் சேர்த்துவைத்துக்கொள்கிறது. ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டால் கரிக்கும். ஆடு விரும்பித் தின்னும், புரதமும் உண்டு. வெட்டிக் காயவைத்து, வேறு தீவனத்தோடு கலந்து, வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் போடுகிறார்கள். இதை மட்டுமே போட்டால் ஆடு தண்ணீருக்கு அலையும், அதனால்தான் கலப்பு.

ஆக, உப்பில் ஒரு பகுதி இலையில் ஏறி மண்ணை விட்டு வெளியேறுகிறது. ஊருக்குக் குடிதண்ணீர், மீன், வறட்சிக் காலத்துக்கு ஆட்டுத் தீவனம். பெட்ரோலினா பக்கத்து அட்டாலியோ, ரியோ கிராண்டி டோ நோர்ட்டி மாநிலத்தின் காட்டிங்கா கிராண்டி போன்ற ஊர்களில் இந்த அமைப்பை நிறுவினார்கள். முழு அமைப்புக்குச் சுமார் 2 ஹெக்டேர், அதாவது 5 ஏக்கர், வேண்டும்.

செர்த்தாவின் விவசாயிக்குத் தீவனம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பதை ஆடு வளர்க்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டாம். வறட்சியில் முதலில் போவது பயிர். அடுத்து ஆடு மாடு. தீவனம் இல்லாமல் ஊரே ஒரே வாரத்தில் விற்க வரும்போது சந்தையில் விலை பாதாளத்துக்கு இறங்கும். மழை வந்த பிறகு திரும்ப வாங்கப் போனால் இரட்டை விலை. காய்ந்த உப்புச்செடி கட்டுக்கட்டாகக் கையில் இருந்தால் விற்காமல் இரண்டு மாதம் தள்ளலாம். வறட்சியில் குடும்பம் கடனில் விழுவதும் விழாததும் பல சமயம் அந்த இரண்டு மாதத்தில்தான் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே எல்லா ஊரிலும் ஜிலேபி மீனும் உப்புச்செடியும் போட்டுவிடலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். ஆயிரம் இடங்களில் மெஷின் ஓடுகிறது என்றேன். மீனும் செடியும் சேர்ந்த முழு அமைப்பு அவற்றில் வெகு சில இடங்களில்தான். போரில் போதுமான ஊறல் வேண்டும், மண் ஒத்துவர வேண்டும், நிலம் வேண்டும், மீன் விற்க வழி வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த வேலையைத் தினமும் செய்ய ஆள் வேண்டும். இல்லாத ஊர்களில் விரிப்புப் போட்ட தொட்டிகளில் விட்டு வெயிலில் வற்றவைக்கிறார்கள். உப்புச்செடியும் மந்திரச் செடி இல்லை. பாய்ச்சுகிற உப்பு முழுவதையும் அது எடுத்துவிடாது. மண்ணைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். அயல்நாட்டுச் செடி விஷயத்தில் நாம் சூடு கண்டவர்கள் வேறு. சீமைக் கருவேலத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அதே சீமைக் கருவேலத்தை 1940களில் வடகிழக்கு பிரேசிலிலும் கொண்டுபோய் நட்டார்கள், அதே காரணம் சொல்லி: வறட்சியிலும் வளரும், ஆடு மாட்டுக்குக் காய் கிடைக்கும். அங்கும் அது ஆற்றங்கரைகளைப் பிடித்துக்கொண்டு போக மாட்டேன் என்கிறது. இராமநாதபுரத்தில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறவர்களுக்கும் செர்த்தாவில் அதன் காயை மாட்டுக்குப் போடுகிறவர்களுக்கும் பொதுவான எதிரி, பொதுவான சோறும்கூட.

மெஷினைவிட எளிய வழி இருக்கிற இடத்தில் மெஷின் வேண்டாம் என்பதே என் கருத்து. அங்கேயே அதற்கும் உதாரணம் உண்டு. 1999ல் பல உள்ளூர் அமைப்புகள் சேர்ந்து 'அரைப்பாலைக் கூட்டமைப்பு' ஒன்றை உருவாக்கி, பத்து லட்சம் மழைநீர்த் தொட்டிகள் கட்டுவது என்று கிளம்பின. வீட்டுக் கூரையில் விழும் மழையைத் தகரக் கால்வாயில் பிடித்து, வீட்டோரம் பாதி புதைந்து நிற்கும் 16,000 லிட்டர் சிமென்ட் தொட்டியில் சேர்ப்பது. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு மழையில்லாத எட்டு மாதத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் போதும். ஊர்க் கொத்தனார்களே கட்டினார்கள். அரசும் சேர்ந்துகொண்டதில் பத்து லட்சம் என்ற எண் நிறைவேறியும்விட்டது. 2012ல் தொடங்கி ஐந்தாறு வருடம் நீடித்த வறட்சி, அளவீடுகள் தொடங்கிய பிறகு அந்தப் பிரதேசம் கண்ட மிக மோசமான வறட்சிகளில் ஒன்று. ஆனால் 1877ஐப் போல மக்கள் சாரை சாரையாகச் சாலையில் நடக்கவில்லை. தொட்டிகள், குடும்ப உதவித்தொகை, மெஷின்கள், ராணுவம் நடத்திய டேங்கர் லாரிகள், எல்லாம் சேர்ந்து தாங்கின. உப்புநீக்கும் மெஷினுக்கு அந்த வரிசையில் ஓர் இடம் உண்டு. தலையாய இடம் இல்லை. மழைத் தொட்டி காலியான பிறகு, கீழே உப்புத் தண்ணீர் மட்டுமே இருக்கிற ஊருக்கு அது கடைசிக் கைப்பிடி.

நம் பக்கத்துக்கு வருவோம். நம்மிடம் அனுபவம் இல்லாமல் இல்லை. கடலாடி வட்டாரத்து நரிப்பையூரில் நாளொன்றுக்கு 38 லட்சம் லிட்டர் திறனில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையை 1990களின் இறுதியிலேயே அமைத்தோம். சென்னையில் கடல்நீர் ஆலை வருவதற்குப் பத்து வருடம் முன்னால். இராஜஸ்தானின் சாம்பர் உப்பு ஏரிப் பக்கம் கோட்ரி கிராமத்தில் 2006ல் திலோனியாவின் பேர்ஃபுட் காலேஜ் என்கிற தொண்டு அமைப்பு, பாவ்நகர் உப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு சூரிய சக்தியில் ஓடும் ஆர்.ஓ. மெஷினை வைத்து ஊர்க்காரர்கள் கையில் கொடுத்தது. இராமநாதபுரத்துக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீரும் வந்திருக்கிறது. குழாயின் கடைசியில் இருக்கிற ஊருக்கு அது எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பதை அந்த ஊர்ப் பெண்களைத்தான் கேட்க வேண்டும்.

அவர்களை ஓடை மணலில் பார்க்கலாம். இடுப்பளவு, சில இடத்தில் ஆள் ஆழத்துக்கு, ஊற்றுக் குழி. உள்ளே ஒரு பெண் குந்தியிருப்பார். மணலிலிருந்து கசிகிற தண்ணீர் ஒரு சிரட்டை அளவு சேரும்வரை காத்திருந்து, கலங்காமல் மொண்டு, குடத்தில் ஊற்றுவார். மறுபடி காத்திருப்பார். மேலே நான்கு சக்கரம் வைத்த தள்ளுவண்டியில் எட்டு பத்து பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நிற்கும். அந்த வட்டாரத்தில் அந்த வண்டி சாதாரணக் காட்சி. உள்ளூர்ப் பட்டறைகளில் தண்ணீர்க் குடத்துக்கென்றே செய்வது. இன்னொரு பக்கம் அதே ஊருக்குள் வேனில் கேன் தண்ணீர் வந்து இறங்கும். காசு உள்ளவருக்குக் கேன், இல்லாதவருக்கு ஊற்று. 'தண்ணியில்லாக் காடு' என்கிறோம். அங்கே தண்ணீரை விற்றுப் பிழைக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

ஊர் மக்கள் தினமும் கேனுக்குக் கொடுக்கிற காசைக் கூட்டிப் பார்த்தால், ஒரு சின்ன மெஷினை நடத்துகிற செலவு அதற்குள் அடங்கிவிடும் இடங்கள் இருக்கும் என்றே நினைக்கிறேன். ஆகவே பணம் மட்டும் தடை இல்லை. யாரிடம் கொடுப்பது, யார் கணக்குக் காட்டுவது என்பதுதான் தடை. நம் ஊர்களில் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலித்து, வரவு செலவை நோட்டீஸ் அடித்து ஒட்டுகிற வழக்கம் இருக்கிறது. ஒரு பைசா விட்டுப்போனால் கூட்டத்தில் கேட்க ஆள் இருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தை ஒரு கொட்டகைக்கும் நீட்ட முடியாதா? ஒரே நிபந்தனை: திருவிழாக் கணக்கில் சில தெருக்களை ஒதுக்கிவைக்கிற ஊர்களும் உண்டு. தண்ணீர்க் கணக்கில் அது நடக்கக் கூடாது. குழாய் எந்தத் தெருவில் இருக்கப் போகிறது என்பதை முதல் கூட்டத்திலேயே, எல்லாத் தெருக்காரர்களையும் உட்காரவைத்துப் பேச வேண்டும். பெண்கள் இல்லாத கூட்டம் கூட்டமே இல்லை. குடம் தூக்குகிறவர்கள் அவர்கள்.

'சமூகமே நடத்தும்' என்ற சொல்லைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயமும் உண்டு. "இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அரசு கைகழுவுவதற்கு அது வசதியான சொல். பிரேசில் திட்டம் ஓரளவு நிலைத்ததற்குக் காரணம், அங்கே அப்படிக் கைகழுவவில்லை. தினமும் திறப்பது, ஓட்டுவது, பங்கிடுவது, காசு சேர்ப்பது ஊரின் வேலை. சவ்வு மாற்றுவது, தண்ணீரின் தரத்தைச் சோதிப்பது, பெரிய பழுது, இதெல்லாம் மாநிலத்தின் வேலை. ஒப்பந்தத்தில் எழுதியே இருக்கிறது. விலை அதிகமான சவ்வை ஒரு ஊராட்சியின் தலையில் கட்டிவிட்டு, "உங்கள் மெஷின்" என்று சொல்வது நியாயம் இல்லை.

நம் வாசகியின் ஊருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். உப்புத் தண்ணீருக்கு இடம் ஒதுக்காமல் மெஷினை மறுபடி திறக்க வேண்டாம். திறப்பதற்கு முன், புறம்போக்கில் விரிப்புப் போட்ட ஒரு தொட்டி. வெயிலுக்கு அந்த ஊரில் பஞ்சமில்லை, வற்றட்டும். மெஷினைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஓட்டுங்கள். கழிவும் குறையும். உமரி மண்டுகிற நிலம் இருந்தால், அந்தக் கழிவுத் தண்ணீரில் ஆட்டுத் தீவனம் வளர்க்க முடியுமா என்று வேளாண் கல்லூரிக்காரர்களை அழைத்துக் காட்டுங்கள். உள்ளூர் உப்புச்செடிகள் நம்மிடமே இருக்கும்போது ஆஸ்திரேலியாவுக்குப் போக வேண்டியதில்லை. கொல்லைக்காரருக்கு நேர்ந்த நட்டத்தையும் பேசித் தீர்த்துவையுங்கள். அவர் சண்டைக்காரர் இல்லை, மெஷினின் முழுக் கணக்கையும் முதலில் பார்த்தவர்.

வாசகர்களே, உங்கள் ஊரிலும் ஆர்.ஓ. கொட்டகை இருந்தால் எழுதுங்கள். ஓடினாலும் சரி, பூட்டிக் கிடந்தாலும் சரி. கரன்ட் பில் யார் பெயரில் வருகிறது, சவ்வைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள், சாவி யாரிடம் இருக்கிறது, கழிவுக் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டு எழுதினால் இன்னும் நல்லது. வருகிற கடிதங்களை அப்படியே தொகுத்து வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்